கிறிஸ்தவ சபையில் ‘பணிவிடைத் தலைமை’ என்றால் என்ன?

பதவியைக் காட்டி ஆட்களை அடக்காமல், ஆட்களுக்காகவே பதவியைப் பயன்படுத்துவதுதான் பணிவிடைத் தலைமை. முதன்மையாக இருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாக இருக்க வேண்டும் என்று இயேசு சொன்னதுதான் (மாற்கு 10) இதற்கு அடிப்படை. நம்மூர்க் கல்யாணத்தில் வீட்டுக்காரர் எல்லார் இலையிலும் பருப்பும் பப்படமும் விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவாரே, அந்த மாதிரி.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, கன்னியாகுமரிப் பக்கம் கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்ட ஆலயங்களில் குருவானவர் முழங்காலிட்டுச் சபையார் சிலரின் கால்களைக் கழுவித் துடைப்பார். சரி, அது வருஷத்துக்கு ஒரு நாள். உண்மையான சோதனை காணிக்கை எண்ணும் மேஜையில்தான்: பல பேர் சேர்ந்து எண்ணுகிறார்களா, சாதாரண சபையார் கேட்டாலும் கணக்கைக் காட்டுகிறார்களா?

அப்போ போதகர் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? இல்லை, சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுதான் எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றும் வியாபாரிகளின் மேஜைகளையும் கவிழ்த்தார்.