போமட் அடிக்க முன்னம்: ஹாட் டிஸ்க் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹாட் டிஸ்க் பற்றித்தான். மாரி தொடங்கிவிட்டது, பின்னேரமானால் இடி, அதன் பின்னால் மின்வெட்டு. ஆச்சரியமில்லை. ஆனால் சில கடிதங்களில் மேசைக் கொம்பியூட்டரா, லெப்டொப்பா என்றுகூட இல்லை. "எல்லாம் போச்சு, உடனே பதில் வேணும்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நான் சாத்திரம் பார்க்கிறவன் இல்லை.

ஷிஃப்ட் டிலீட் கொடுத்து ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. எடுக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

சுழலும் பழைய வகை டிஸ்க் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். அழியும்போது பதிவேட்டில் "இந்த இடம் காலி" என்று ஒரு குறிதான் விழும். கோப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை. வின்டோஸ் சும்மா இருக்கிற நேரத்திலும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே மெசினை அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கொம்பியூட்டரில் கொழுவுங்கள். ரெக்குவா என்ற மீட்பு மென்பொருள் போதும். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். போன டிஸ்க்கில் எழுதாதீர்கள். மீட்கும் மென்பொருளையும் அதில் இறக்காதீர்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் புதிய வகை) என்றால் கதை வேறு. வின்டோஸ் 7 காலத்திலிருந்து ட்ரிம் என்று ஒன்று உண்டு. அழித்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது தன்பாட்டில் துடைத்துவிடும். கடிதம் எனக்கு வந்து சேர முன்னமே போயிருக்கும்.

டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யூரியூப்பில் பார்த்தேன். (கல்லடி)

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடினால் அழகு. ஹாட் டிஸ்க் பாடினால் வயரைப் பிடுங்குங்கள். அது வாசிப்புத் தலை இடம் தெரியாமல் முட்டுகிற சத்தம். தட்டுக்கும் தலைக்கும் இடையில் உள்ள இடைவெளி சில நனோமீற்றர்; ஒரு தலைமயிரின் தடிப்பு கிட்டத்தட்ட 80,000 நனோமீற்றர். அந்த நிலையில் டிஸ்க்கை ஓடவிடுகிற ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்தது எந்த மென்பொருளாலும் வராது.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். அதே மொடல் டிஸ்க் வாங்கி சர்க்கிட் போர்டை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கும், அதையும் மாற்றி ஒட்டாமல் வேலைக்காகாது. உங்கள் டிஸ்க்கில் பழுது போர்டிலும் இல்லை. தூசியில்லாத அறை வைத்து இந்த வேலை செய்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். காசு பத்தாயிரக்கணக்கில் போகும், அதற்கு மேலும் போகலாம். டிஸ்க்கில் உள்ளவை அந்தப் பெறுமதி உள்ளவையா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். அனுப்புவதானால் நல்ல தடிப்பாகப் பஞ்சு சுற்றி அனுப்புங்கள். இரவு பஸ்ஸின் டிக்கியில் அப்படியே போட்டு அனுப்பிய ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

என்ட ஹாட் டிஸ்க் வேலை செய்யுதில்ல. என்ன செய்யலாம்? (அக்கரைப்பற்று)

கடைசியாகப் போட்டபோது சுழன்றதா, சத்தம் வந்ததா, பயோஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரையில்) பெயர் தெரிந்ததா, கொள்ளளவு சரியாகக் காட்டியதா, விழுந்ததா, நனைந்ததா? ஆறு கேள்விக்கும் பதில் எழுதி அனுப்புங்கள். அதுவரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

வெளி டிஸ்க்கைக் கொழுவினால் "போமட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது. நண்பர் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார். (சம்மாந்துறை)

போமட் கேட்டால் இல்லை என்று அழுத்துங்கள். நண்பரிடமும் அதையே சொல்லுங்கள். செக்டிஸ்க் மீட்புக் கருவி இல்லை. கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை. ஒழுங்குக்குள் அடங்காததை வெட்டி எறியும், அல்லது பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் குவிக்கும். அறையைத் துப்புரவாக்கச் சொன்னால் மேசையில் கிடந்த காணி உறுதியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளுகிற ஆள் மாதிரி.

முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க்கின் உடம்பு நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால், மீட்க முன் முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சுகமான 1 டெராபைட் டிஸ்க் என்றால் மூன்று மணித்தியாலம் அளவில் முடியும். நோயாளி டிஸ்க் என்றால் இரண்டு மூன்று நாளும் எடுக்கும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நம்மூருக்கு இது முக்கியம். பிறகு அந்தப் பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) மட்டும் குழம்பியிருந்தால் பத்து நிமிட வேலை. அது சரிவராவிட்டால் அதனுடனேயே வருகிற ஃபோட்டோரெக். அது கோப்புகளைத் தரும், பெயர்களைத் தராது. இருபதாயிரம் படத்தையும் நீங்களே உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இரண்டும் இலவசம்.

லெப்டொப் மெதுவாக இருக்கிறது என்று கடையில் கொடுத்தேன். வின்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். டெஸ்க்டொப்பில் இருந்த தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல் எதுவும் இல்லை. "டி டிரைவில் கை வைக்கவில்லை" என்கிறார்கள். (ஆரையம்பதி, ஆசிரியை)

டீச்சர், உங்களில் கோபமில்லை. ஆனால் இந்தக் கதையை எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

டெஸ்க்டொப், டொகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. அது கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "டி டிரைவில் கை வைக்கவில்லை" என்பது, வீட்டை எரித்துவிட்டு மாட்டுக் கொட்டிலைத் தொடவில்லை என்று சொல்வது போல. ஏன் செய்கிறார்கள்? போமட் அடித்தால் ஒரு மணி நேரத்தில் அடுத்த வேலை. முதலில் டேட்டாவை எடுத்து வைத்தால் மேசை அரை நாள் நிறைந்து கிடக்கும். காசு இரண்டுக்கும் ஒன்றே. மெதுவாக இருக்கிற மெசினுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது வின்டோஸ் இல்லை, ரம் (நினைவகம்) அல்லது ஒரு எஸ்எஸ்டி. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் யோசிப்பார், போமட் என்றால் தலையாட்டுவார். அதனால் பிழை இரண்டு பக்கமும்தான்.

எனக்கே நடந்தது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் படங்கள் ஒரு கொம்பியூட்டரில் இருந்தன. நான் வெளியூரில் நின்ற நேரம், வீட்டுக்காரர் அதை ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள். வந்து கேட்டால் "வைரஸ் இருந்தது அண்ணா, கிளீன் பண்ணியாச்சு." கிளீன்தான். அதன் மேல் இரண்டு சினிமாப் படமும் ஒரு கேமும் ஏற்றித் தந்திருந்தார்கள், அன்பளிப்பாக. அந்த அன்பளிப்புக்கு அடியில்தான் அப்பாவின் படங்கள் கிடந்தன. நாற்பது சொச்சம் மீண்டது, பாதி சாம்பல் பட்டையுடன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் சி டிரைவைத் திறந்து "வின்டோஸ் ஓல்ட்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். போமட் அடிக்காமல் மேலே போட்டிருந்தால் உங்கள் பழைய டெஸ்க்டொப் அதற்குள் யூசர்ஸ் ஃபோல்டரில் முழுசாக இருக்கும். பத்து நாள் போனால் வின்டோஸே அதை அழித்துவிடலாம், ஆகவே இன்றே பாருங்கள். அடுத்தது ஒன்டிரைவ், மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பு: நீங்கள் அறியாமலே டெஸ்க்டொப்பைப் பிரதி எடுத்திருக்கக்கூடும். அதற்குப் பிறகு வட்ஸ்அப்பும் மெயிலும். அதிபருக்கோ சக ஆசிரியருக்கோ அனுப்பிய வினாத்தாள் அங்கே இருக்கும். இவை மூன்றிலும் இல்லாவிட்டால்தான் மீட்பு மென்பொருள். உள்ளே எஸ்எஸ்டி என்றால் அதற்கும் மினக்கெடாதீர்கள். முழு போமட் அடித்திருந்தாலும் அப்படியே. வின்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு அது முழு டிஸ்க்கையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும்.

அடுத்த முறை கடைக்குக் கொடுக்கும்போது மூடியில் ஒரு டேப் ஒட்டி, "கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்" என்று எழுதுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மீட்ட வேர்ட் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கலாக வருகிறது. கோப்பு பழுதா? (திருக்கோவில்)

பழுதில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. புது வின்டோஸில் பாமினி இல்லை. நிறுவுங்கள், தமிழ் வந்துவிடும். இதைப் பழுது என்று நினைத்து அழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று நான்கு பேர். கையோடு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கலியாண வீட்டில் எடுத்த மெமரி கார்டை கமராவிலேயே போமட் செய்துவிட்டேன். பிறகு கொஞ்சம் படமும் எடுத்தேன். (கல்முனை)

போமட் செய்தது பிழை, பிறகு எடுத்தது பெரும் பிழை. படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர் ஒரு மேலதிக கார்ட் பையில் வைத்திருக்கக் கூடாதா? கார்டை வெளியே எடுத்து ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். மேலே எழுதப்படாத படங்கள் பெரும்பாலும் வரும். வீடியோ பெரிய கோப்பு, துண்டு துண்டாகக் கிடக்கலாம், அதற்கு உறுதி சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் எதுவும் சொல்லாதீர்கள்.

லெப்டொப் திடீரென்று பிட்லொக்கர் இலக்கம் கேட்கிறது. நான் அப்படி ஒன்றும் போடவில்லை. (வந்தாறுமூலை, மாணவர்)

நீங்கள் போடவில்லை, வின்டோஸ் போட்டது. மைக்ரோசொப்ட் கணக்கு கொண்டு புதிதாக அமைத்த பல வின்டோஸ் 11 லெப்டொப்களில் டிஸ்க்கைப் பூட்டுகிற இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கும். 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் உள்நுழைந்து பாருங்கள். கணக்கை அமைத்தது விற்ற கடைக்காரரின் மெயிலில் என்றால் அவரிடம் ஓடுங்கள். சாவி இல்லாமல் திறக்க ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்து கொம்பியூட்டர் முழங்கால் தண்ணீரில் நின்றது. வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்க்கலாமா? (நிந்தவூர்)

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் கிடந்த டிஸ்க் சிலவற்றை வெயிலில் வைத்துக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குத் தெரியாது. காற்றுத் துளையால் உள்ளே போன தண்ணீர் காய்ந்தால் உப்பும் சேறும் தட்டில் படிந்து இறுகும். பிறகு கரண்ட் கொடுத்தால் தலை அதில் மோதும். ஈரத்தோடேயே பொலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, நனைந்தது என்று எழுதி, மீட்பு வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

காத்தான்குடியில் 2 டெராபைட் பென் டிரைவ் மலிவாக வாங்கினேன். படங்கள் ஏறின, இப்போது ஒன்றும் திறக்குதில்லை. மீட்க முடியுமா? (காத்தான்குடி)

முடியாது. அது போலி டிரைவ், அதற்குள் 32 ஜிகாபைட் இருந்தால் அதிகம். மிச்சம் ஏறவே இல்லை. ஏறினது போலக் காட்டியது, அவ்வளவுதான். படங்களை எடுத்த போனில் இன்னும் இருந்தால் அதிலிருந்து திரும்ப எடுங்கள். போனில் அழித்துவிட்டீர்கள் என்றுதான் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது, அதை முதல் வரியில் எழுதியிருக்கலாம்.