ரத்தத்தில் 'கிளமிடியா பாசிட்டிவ்': கணவரைச் சந்தேகிக்கும் முன்

வாசகி கேள்வி: எனக்கு வயது 29, பெரம்பூரில் வசிக்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. ஒரு கருத்தரிப்பு மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் கருக்குழாய் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அது பால்வினை நோய் என்று செல்போனில் தேடித் தெரிந்துகொண்டேன். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இது எத்தனை பெண்களுக்கு வருகிறது? கணவரைச் சந்தேகப்படுவதா? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மகப்பேறு மருத்துவர் பதில்:

உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாளை வைத்து, இப்போது உங்கள் உடலில் கிளமிடியா இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஜிஜி என்பது கிருமியை எதிர்த்து உடல் தயாரிக்கும் புரதம். கிருமி போன பிறகும் அது பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கியிருக்கும். மழை விட்ட பிறகும் சுவரில் நிற்கும் ஈரத்தடம் போல. பெய்தது எப்போது என்பதை அந்தத் தடத்திடம் கேட்டு அறிய முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிளமிடியா என்ற பெயரில் ஒரே ஒரு கிருமி இல்லை. இருமல், சளி, நிமோனியா கொடுக்கும் ஒரு வகை இருக்கிறது. அது மூச்சுக்காற்று வழியாகப் பரவுவது, தாம்பத்தியத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. பெரியவர்களில் மிகப் பலருக்கு அதற்கான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கும். சில ரத்தப் பரிசோதனைகள் இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. என்றோ வந்த சளிக்காகக் கணவரைக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். இந்த ஒரு வரி அறிக்கையால் பேச்சுவார்த்தையே நின்றுபோன தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 12 கோடியே 90 லட்சம் புதிய கிளமிடியா தொற்றுகள் ஏற்பட்டன. எந்த ஒரு நேரத்தில் கணக்கெடுத்தாலும், அந்த வயதுப் பெண்களில் 100க்கு 4 பேரிடம் இது இருக்கிறது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் காலை வேளையில் 100 பேராவது நிற்பார்கள். உலகச் சராசரி அளவுக்கு வந்தாலே, அவர்களில் நான்கு பேர் இதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்று பொருள். 25 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் இது இன்னும் அதிகம். அதனால் அமெரிக்கா போன்ற நாடுகளில், உடலுறவு கொள்ளும் அந்த வயதுப் பெண்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு வழக்கமான பரிசோதனை இல்லை. தேடாததால் கண்ணில் படவில்லை, கண்ணில் படாததால் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இது இவ்வளவு பரவுவதற்குக் காரணமே அதன் மௌனம்தான். தொற்று உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தெரியாது. தெரிந்தாலும் வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் லேசான ரத்தக்கசிவு, அடிவயிற்றில் மந்தமான வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று வரும். நம் வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், உடல் சூடு. வெந்தயமும் மோரும் இளநீரும் உடம்புக்கு நல்லவைதான், இந்தக் கிருமிக்கு அவை மருந்தாகாது. அதே சமயம், வெள்ளைப்படுகிறது என்றாலே கிளமிடியா என்று பயப்படவும் வேண்டாம். பூஞ்சைத் தொற்று போன்ற மற்ற காரணங்களே அதிகம்.

சிகிச்சை இல்லாமல் விட்டால், 100க்கு 10 முதல் 15 பெண்களுக்குக் கிருமி கருப்பை வழியாக ஏறிக் கருக்குழாய்வரை அழற்சியை உண்டாக்கும். குழாயில் தழும்பு விழுந்தால் கருத்தரிப்பது தாமதமாகும், அல்லது கரு குழாயிலேயே தங்கிவிடும். உங்கள் மையத்தில் ஐஜிஜி பார்த்தது இந்தச் சந்தேகத்தில்தான். பழைய தொற்றின் தடம் இருந்தால் குழாயைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும்தான் அந்த முடிவு பயன்படும். நம் நாட்டில் காசநோயும் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைக்கும் என்பதால் அதைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்ரேக்குப் போகும் முன், கிருமியின் மரபணுவையே தேடும் 'நாட்' பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தால் போதும், வலிக்காது. கணவருக்குச் சிறுநீர் போதும். தொற்று உயிரோடு இருக்கும்போது கருப்பைக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தால், கிருமியை நாமே மேலே தள்ளிவிட நேரும். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, வரிசையை மாற்றாதீர்கள்.

'நாட்' நெகட்டிவ் என்றால் இந்த விஷயத்தில் மருந்தே தேவையில்லை. பாசிட்டிவ் என்றால் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாட்கள். கரு தரித்திருக்க வாய்ப்பு இருப்பதால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பம் என்றால் அதற்குப் பதிலாக அசித்ரோமைசின் தருவார்கள். டாக்சிசைக்ளினை நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுக்காதீர்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இந்த மருந்து சாப்பிடும்போது நம் ஊர் வெயிலில் தோல் சட்டென்று கன்றும், அந்த வாரம் குடை எடுத்துச் செல்லுங்கள். கணவரும் அதே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். இருவரும் மருந்து முடிக்கும்வரை உறவு கூடாது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும், ஒருமுறை வந்ததால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

அப்போதும் சந்தேகம் பற்றி ஒரு வார்த்தை. கிளமிடியா உடலுறவு வழியாகத்தான் பரவுகிறது, பொதுக் கழிப்பறையால் வராது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆணிடமும் பெண்ணிடமும் இது அறிகுறி இன்றி நெடுநாள் இருக்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. திருமணத்துக்கு முன்பே வந்ததாகவும் இருக்கலாம். கணவரிடம் பேசும்போது "இருவருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட.

தனியார் மருத்துவமனையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். அந்த மருத்துவமனையோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1986இல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். தயங்கித் தயங்கி வருபவர்களைப் பல தலைமுறையாகப் பார்த்த இடம் அது. 'நாட்' பாசிட்டிவ் ஆனால், அரசு நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையையும் இருவரும் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

மருந்து முடித்து மூன்று மாதம் கழித்து மறுபடி 'நாட்' எடுக்க வேண்டும். நான்கு வாரத்துக்குள் எடுத்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் காட்டி மறுபடி உங்களைக் கலங்க வைக்கும். கரு தரித்ததும் ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால், ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.