மோசரின் கைகளைப் பாருங்கள்

கேள்வி: பழைய வியன்னாப் படங்களில் நகைச்சுவை நடிகர் ஹான்ஸ் மோசர் தலையைக் காட்டினாலே சிரிப்பு வரும் என்கிறார்கள். மொழிபெயர்ப்பு வரிகளை வைத்துப் பார்க்கும் எனக்கு, யாரோ ஒரு கிழவர் ஓயாமல் முணுமுணுக்கிறார் என்பதுதான் தெரிகிறது. எப்படி ரசிப்பது?

பதில்: சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. அது வியன்னாப் பேச்சு. அதிலும் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். வடக்கு ஜெர்மன்காரர்களே திணறுவார்கள். ஆனால் அவருடைய கைகள் எல்லோருக்கும் புரியும்.

'ஹல்லோ டீன்ஸ்ட்மான்' (1952) படத்தில் அவர் சுமைதூக்கி. எதிரே ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. தூக்கினால் ஒரு நிமிட வேலை. மோசரோ அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிக்கிறார், சுற்றி வருகிறார், கூட இருப்பவரிடம் நியாயம் பேசுகிறார். பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1920களிலேயே மேடையில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த துணுக்கு இது. அத்தனை வருடம் நடித்தும் அலுப்பே தெரியாது. முதல் முறை பெட்டியைப் பார்ப்பவர் மாதிரிதான் பார்க்கிறார்.

இந்த இடத்துக்கு அவர் லேசில் வரவில்லை. 1880இல் வியன்னாவில் பிறந்தவர், இயற்பெயர் யோஹான் யூலியர். தனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த யோசஃப் மோசரின் பெயரையே மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் வருடக்கணக்கில் அலைந்தார். புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் தன் நாடகங்களுக்கு அழைத்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டது.

கேள்வி: நாஜி ஆட்சியிலும் அவர் நடித்தாரே?

பதில்: நடித்தார், நிறையவே. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. அவர் மனைவி பிளாங்கா யூதர். விவாகரத்து செய்யச் சொல்லி நெருக்கினார்கள், மோசர் மறுத்துவிட்டார். மனைவியை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்படி ஹிட்லருக்கே கடிதம் எழுதினார். அப்படியும் 1939இல் பிளாங்கா ஹங்கேரிக்குப் போக வேண்டியதாயிற்று.

இங்கே இன்னொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். 1924இல் வந்த 'யூதர்களில்லாத நகரம்' என்ற மௌனப் படம். யூதர்களை ஒரு ஊர் துரத்திவிடும் கதை. அதில் யூத வெறுப்பாளரான அரசியல்வாதியாக வருபவர் இதே மோசர்தான். முணுமுணுப்பே இல்லாத மோசரை அதில் பார்க்கலாம். தொலைந்துபோயிருந்த பகுதிகளோடு ஒரு பிரதி 2015இல் பாரிஸ் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. சீரமைத்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள்.

பிளாங்காவும் அவரும் போர் முடிந்த பிறகுதான் ஒன்றுசேர்ந்தார்கள். 1964இல் மோசர் வியன்னாவில் இறந்தார். பிளாங்கா அதற்குப் பிறகும் பத்து வருடம் இருந்தார்.