டிரான்ஸ்போர்ட் மேனேஜருக்கு அரசு சர்டிபிகேட் வேண்டுமா?

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் ஐந்து லாரி வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "அக்கா மகன் பி.காம். முடித்திருக்கிறான். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள அவனை வைக்கலாம் என்றால், டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சர்டிபிகேட் இல்லாமல் பர்மிட் புதுப்பிக்க மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியொரு சர்டிபிகேட்டே இல்லை. பிரிட்டனில் வாடகை லாரிக் கம்பெனிக்குத் தேர்வு எழுதித் தேறிய மேனேஜர் வேண்டும். அந்தப் பேச்சை இங்கே விலைக்கு விற்கிறார்கள்.

அதைவிட, பரிவாஹன் என்ற அரசு வாகன இணையதளத்தில் உங்கள் வண்டிகளுக்கு யாருடைய மொபைல் நம்பர் பதிந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டிருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். உங்கள் வண்டிக்கு வரி கட்டவும் அவரிடம் நிற்க வேண்டும். அலைச்சல் குறைய வந்த ஆன்லைன், ஏஜென்ட் கையில் சாவியைக் கொடுத்துவிட்டது. ஐந்து வண்டிக்கும் உங்கள் நம்பரை மாற்றுங்கள்.

பையனுக்கு வேண்டியது தேதிக் கணக்கும் எடைக் கணக்கும். வண்டிக்கு ஒரு பக்கம் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி, க்ஷேமநிதி (தொழிலாளர் நல நிதி), பர்மிட் முடியும் தேதிகளை எழுதட்டும். எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குமேல் வருஷாவருஷம். எடை மேடைச் சீட்டை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடாமல் வண்டியை விடக் கூடாது. மூன்று டன் கூடினால் அபராதம் 20,000 ரூபாய், அதோடு டன்னுக்கு 2,000 வீதம் இன்னொரு 6,000. இறக்குகூலியும் உங்கள் தலையில்தான்.

எல்லையோர லாரிக்காரர்கள் அதிகம் மாட்டுவது ரிட்டர்ன் லோடில், அதாவது திரும்பி வரும்போது ஏற்றும் சரக்கில். நேஷனல் பர்மிட் இருந்தாலும் வெளிமாநிலத்துக்குள் ஏற்றி அதே மாநிலத்துக்குள் இறக்கக் கூடாது. எல்லையில் கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி. நமக்கு அது பக்கத்து ஊர், கேரளப் பதிவு வண்டிக்கு வேறு மாநிலம். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றித் திருச்சூர் போகலாம், பெங்களூரும் போகலாம், சென்னை போகக் கூடாது. பாலக்காட்டில் ஏற்றி எர்ணாகுளத்தில் இறக்கத் தடையில்லை, அது சொந்த மாநிலம். "பர்மிட் இந்தியா முழுக்க ஓடும்" என்று லோடு புரோக்கர் சொல்வார். அபராதம் வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டான இ-வே பில், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லும். வழியில் குதிரானில் வண்டி படுத்து வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால், பில்லில் புது வண்டி நம்பரை ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும். பில்லின் கெடுவை நீட்டிக்க, அது முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டெட்டு மணி நேரம்தான் உண்டு.