மயில் தோகை ஏன் மங்குகிறது?

கேள்வி: பினாங்குத் தைப்பூசத்துக்கு நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலின் முகப்பில், வளையும் பிளாஸ்டிக் ஒளியிழைகளால் ஒரு மயில் செய்தோம். இழை 1 மில்லிமீட்டர் தடிமன், 3 மீட்டர் நீளம். வளைத்த இடங்களில் வெளிச்சம் பளிச்சென்று தெரிகிறது. தோகையின் நுனிகளோ மங்கிக் கிடக்கின்றன. ஒட்டிய இடங்களில் சில இழைகள் முறிந்தும் போயின. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய விளக்கு வாங்கலாமா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். இவ்வகை இழையில் சிவப்பு ஒளி மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல்தான் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழக்கும். 3 மீட்டருக்குக் கணக்கிட்டால் 13 விழுக்காடு. கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. உங்கள் வெளிச்சம் வளைவிலும் வெட்டுமுனையிலும் தொலைகிறது.

இழையின் நடுப்பகுதி அக்ரிலிக். ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.49. அதன்மேல் முடியைவிட மெல்லிய உறை, அந்த எண் 1.40 ஆகக் குறைந்திருக்கும் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக். சாய்வாக வரும் ஒளி இந்த உறையில் பட்டு உள்ளேயே திரும்பித் திரும்பிப் போகிறது. இழையை முடக்கினால் சாய்வு கெட்டு ஒளி வெளியே கசியும். நீங்கள் ரசித்த அந்தப் பளிச்சென்ற வளைவுகள் நுனிக்குப் போயிருக்க வேண்டிய வெளிச்சம்தான். 1 மில்லிமீட்டர் இழைக்கு வளைவின் ஆரம் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நைலான் பட்டையை இறுக்கிக் கட்டினாலும் கசியும், தளர்வாகக் கட்டுங்கள்.

தோகையின் ஓரக்கோடு முழுவதும் ஒளிர வேண்டுமென்றால், அதற்கென்றே பக்கவாட்டில் ஒளி கசியும்படி செய்த இழை கிடைக்கிறது. அதில் விளக்குப் பக்கம் அதிகமாகவும் மறுகோடியில் குறைவாகவும் ஒளிரும் என்பதால் இரு முனையிலிருந்தும் வெளிச்சம் கொடுங்கள். கண் போன்ற புள்ளிகளுக்கு மட்டும் நுனியில் ஒளிரும் இழை போதும்.

இனி வெட்டு. கத்தரிக்கோலால்தான் வெட்டியிருப்பீர்கள். அது முனையை நசுக்கிவிடும். அருகில் வைத்துப் பார்த்தால் உடைந்த கற்கண்டுபோல் வெண்மையாக இருக்கும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இயந்திரங்களின் ஒளி சென்சார்களோடு இழை வெட்டும் சிறு கட்டர் ஒன்று வரும். அதன் ஒவ்வொரு துளையிலும் ஒரு முறைதான் வெட்ட வேண்டும். இரண்டாம் முறை பிளேடு மழுங்கியிருக்கும். கட்டர் கிடைக்காவிட்டால் புதிய பிளேடால் நேர்க்குத்தாக ஒரே அழுத்தில் வெட்டி, 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளில் நீர் விட்டு எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். விளக்கை நோக்கும் முனைக்கட்டில் இது இன்னும் முக்கியம். உருண்டை இழைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடைவெளியில் 9 விழுக்காட்டு ஒளி வீணாகும். அதோடு முனைகளும் மேடுபள்ளமாக இருந்தால் என்ன மிஞ்சும்?

முறிவுக்குக் காரணம் பெரும்பாலும் சூப்பர் குளூ. ஏற்கெனவே வளைந்து இழுபட்டிருக்கும் அக்ரிலிக்கில் அது பட்டால் நுண்ணிய விரிசல்கள் ஓடும். அசிட்டோன் துடைப்பும் அதே வேலையைச் செய்யும். எபோக்சி பசைக்கு மாறுங்கள். வடிவம் நிலைக்க வேண்டுமென்று சூடான காற்றில் வாட்டுவதும் வேண்டாம். ஆலையில் உருக்கிய அக்ரிலிக்கை உறையோடு சேர்த்துத் துளைவழி தள்ளி, பிறகு இழுத்து நீட்டுகிறார்கள். அந்த இழுப்பில் மூலக்கூறுகள் வரிசைப்பட்டு நிற்பதால்தான் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடிய அக்ரிலிக் நாராக வளைகிறது. சூடு பட்டால் வரிசை கலையும்; இழை சுருங்கி, பழையபடி நொறுங்கும். வடிவத்துக்கு உள்ளே ஒரு கம்பி கொடுங்கள். பெரிய விளக்கு வேண்டாம் என்றதற்குச் சூடும் ஒரு காரணம்: பல இழைகளுக்கு 70 டிகிரிதான் எல்லை, ஹாலஜன் விளக்கின் முன் முனைகள் கருகிவிடும். எல்.இ.டி. போதும்.

மற்றபடி பந்தலுக்கு இது நல்ல தேர்வு. இழையில் மின்சாரம் ஓடுவதில்லை. மோர் சிந்தினாலும் தேங்காய் உடைக்கும் தண்ணீர் தெறித்தாலும் கவலையில்லை. விளக்குப் பெட்டியை மட்டும் உயரத்தில், நனையாத இடத்தில் வையுங்கள்.

விழா முடிந்ததும் மயிலை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், இழை மஞ்சளாகிவிடும். பெரிய வட்டமாகச் சுருட்டி இருட்டில் வைத்து, மறு ஆண்டு விளக்குப் பக்க முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதுப்பிக்கலாம். அதற்காக இப்போதே கொஞ்சம் நீளமாக விட்டு வையுங்கள்.