சித்தப்பாவின் டி.ஏ. – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் பிராந்திய ராணுவத்துக்கு (டெரிட்டோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ.) ஆள் எடுத்தபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை. வயது 36, தனியார் கம்பெனியில் பொறியாளர். அதிகாரி தேர்வு எழுதலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். தோனிக்கும் மோகன்லாலுக்கும் சீருடை மாட்டி அழகு பார்க்கும் படை அது, ட்ரோனும் ஏவுகணையும் சண்டை போடும் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி எடுக்கும் பகுதி நேர சிப்பாய் எதற்கு என்கிறார்கள். இந்தப் படை எப்படி வந்தது? நான் சேரலாமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

போன மாதம் சித்தி காலமான பிறகு அவர் இருந்த வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயிண்டில் சித்தப்பாவின் பெயரும் டி.ஏ. நம்பரும். அன்றிலிருந்து அதே நினைப்பாகத்தான் இருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பட்டதாரி, சொந்தச் சம்பாத்தியம், 18 முதல் 42 வயது, இவை இருந்தால் அதிகாரி தேர்வு எழுதலாம். உங்களுக்கு எல்லாம் இருக்கிறது. தோனி, மோகன்லால் பேச்சை விடுங்கள், அவை கௌரவப் பதவிகள். சச்சின் பைலட் 2012இல் தேர்வெழுதித்தான் அதிகாரியானார். ட்ரோன் காலம் என்று சிரிக்கும் நண்பர்களிடம், 2025 மே மாதம் பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ள மத்திய அரசு தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தது எதற்காக என்று கேளுங்கள். ஏவுகணை எவ்வளவு தூரம் போனாலும் பாலத்துக்கும் எண்ணெய்க் கிடங்குக்கும் ராத்திரி காவல் நிற்க ஆள் வேண்டும்.

ஆனால் 'பகுதி நேர சிப்பாய்' என்று அவர்கள் சொன்னதை நீங்களும் மறுபேச்சில்லாமல் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு எனக்குக் கோபம் வருகிறது. டியூஷன் எடுப்பதா இது? சீருடைக்கு அழைப்பு வந்துவிட்டால் அன்றிலிருந்து அவன் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட முழுச் சிப்பாய். வீட்டில் இருக்கும் நாளிலும் அந்த அழைப்பு எப்போது வருமோ என்ற நினைப்பு அவனுக்கு உண்டு, அவன் மனைவிக்கு அதைவிட அதிகம் உண்டு. இதில் எது பகுதி?

வரலாறு கேட்டீர்கள். 1857 கிளர்ச்சி நடந்த ஆண்டிலேயே சென்னையில் 'மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ்' என்ற தொண்டர் படையைத் திரட்டினார்கள். எதிரி வெளியிலிருந்து வருவான் என்ற பயத்தில் அல்ல, உள்ளூர்க்காரர்கள் மேல் இருந்த பயத்தில். பிறகு ரயில் கம்பெனிகளிலும் இப்படிப் படைகள் வந்தன, திருச்சியில் தென்னிந்திய ரயில்வேக்கு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான் அவற்றில் துப்பாக்கி பிடித்தார்கள். 1920இல் இரண்டு சட்டம் போட்டார்கள். வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை, இந்தியருக்குத் தனியாகப் பிராந்தியப் படை. ஊருக்குள் கலவரம் வந்தால் சர்க்காருக்குத் துணையாக வந்து நிற்பது அந்தத் துணைப்படையின் முக்கியமான வேலை. இதை மறக்காதீர்கள், திரும்ப இங்கேதான் வருவேன்.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் புதுச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று படையைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. விவசாயி, குமாஸ்தா, ரயில்வே தொழிலாளி, யாராக இருந்தாலும் தன் பிழைப்பை விடாமல் நாட்டுக்கும் நிற்கலாம், இனப் பிரிவு இல்லை. 1962, 1965, 1971 மூன்று போர்களிலும் டி.ஏ. ஆட்கள் போனார்கள். 1982இல் சுற்றுச்சூழலுக்கென்றே கட்வாலில் ஒரு பட்டாலியன் தொடங்கி, சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிப் போயிருந்த முசூரி மலைகளில் மரம் வைத்தார்கள். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

சித்தப்பா ரயில்வேயில் பயர்மேன், நீராவி எஞ்சினுக்குக் கரி போடும் வேலை. ரயில்வே டி.ஏ.வில் சேர்ந்து வருஷா வருஷம் பயிற்சிக்குப் போய்வருவார். 1971 போரின்போது அழைப்பு வந்து கிளம்பினார். ரயில்வே காலனியே ஸ்டேஷனுக்கு வந்தது. மாலை போட்டார்கள், பக்கத்து குவார்ட்டர்ஸ் டிரைவர் வீட்டம்மா முறுக்கு டப்பா கொடுத்தார். அந்த டிரைவரின் எஞ்சினில்தான் சித்தப்பா ஆறு வருஷம் கரி போட்டார், தொழில் முழுக்க அவரிடம் கற்றதுதான்.

1974 மே 8 அன்று நாடு முழுக்க ரயில்வே ஸ்ட்ரைக். சுமார் 17 லட்சம் பேர். போனஸ் வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்ட்ரைக்குக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸை 2ஆம் தேதியே பிடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, கோடை விடுமுறைக்கு சித்தப்பா வீட்டில் இருந்தேன். அவர் யூனியன் ஆள், முந்தின வாரம்தான் கொடி பிடித்து ஊர்வலம் போனார். ஆனால் வண்டி ஓட்ட டி.ஏ.வை அழைத்தது அரசாங்கம். சித்தப்பாவுக்கும் தாள் வந்தது. போகாவிட்டால் அது லீவு போட்ட குற்றம் இல்லை, ராணுவச் சட்டப்படி குற்றம். சித்தி சாயங்காலம் கொடிக்கயிற்றிலிருந்து பச்சை யூனிஃபார்மை எடுத்து மடித்துக்கொண்டே அழுதது எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் சித்தப்பா எஞ்சினில் ஏறினார். அதே வாரம் பக்கத்து வீட்டு டிரைவரைக் கைது செய்தார்கள், குடும்பத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள், பாத்திரமெல்லாம் தெருவில் கிடந்தது.

எங்கள் கதவில் யாரோ தாரால் 'கருங்காலி' என்று எழுதினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் மாலை போட்ட அதே ஆட்கள். 27ஆம் தேதி ஸ்ட்ரைக் முடிந்தது, டிரைவர் திரும்பி வந்தார், ஆனால் சித்தப்பாவிடம் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சித்தப்பா மேலும் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன்.

சரி, இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், முழுநேர ராணுவ வீரனை இப்படி ஒரு வேலைக்கு அனுப்பினால் அவன் எங்கிருந்தோ வருவான், முடிந்ததும் பாரக்ஸுக்குத் திரும்பிவிடுவான். டி.ஏ.காரன் மறுநாள் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சித்தி இரண்டு வருஷம் ஊரெல்லாம் அடங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தண்ணீர் பிடித்தார். அவனுக்கு அந்தத் தொழில் தெரியும், அந்த ஊர் தெரியும் என்பதற்காகத்தான் அவனைப் படையில் வைத்திருக்கிறோம். அதையே அவன் சக தொழிலாளிக்கு எதிராகத் திருப்பினால் அது 1920இன் துணைப்படை வேலை, 1949இல் தொடங்கிய படைக்கு அது அடுக்காது. போருக்குக் கூப்பிடு, வெள்ளத்துக்குக் கூப்பிடு, மரம் நடக் கூப்பிடு, நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவான். அவன் தோளோடு தோள் நின்று கூலி கேட்டவனை முறியடிக்க மட்டும் கூப்பிடாதே. பணி முடிந்து வருகிறவனுக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது, நல்ல சட்டம். இந்த ஒரு வரியும் அதில் இருந்திருக்கலாம் என்று ஐம்பது வருஷமாக எனக்கு ஆதங்கம்.

நீங்கள் சேருங்கள். நண்பர்கள் சிரிப்பதற்காகத் தயங்காதீர்கள், 36 வயதில் கூச்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் மனைவியை உட்காரவைத்து, அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டேன் என்று விவரமாகச் சொல்லுங்கள். சித்தப்பா சித்தியிடம் சொல்லாமல் சேர்ந்தார், அது தப்பு.

தேர்வானதும் எழுதுங்கள். டிரங்குப் பெட்டியை நான்தான் எடுத்து வந்து வைத்திருக்கிறேன், துருப்பிடிக்காமல் நன்றாக இருக்கிறது. வேண்டுமென்றால் உங்களுக்குத் தருகிறேன், நல்ல கனம், பஸ்ஸில் வராமல் காரில் வாருங்கள்.