சோலாரியம், ஸ்பிரே டேன், மாத்திரை: கேட்டதும் சொன்னதும்

மெல்பர்னில் தோல் புற்றுநோய் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். டேன், அதாவது தோலைப் பழுப்பு நிறமாக்கிக்கொள்வது, பற்றி வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, மகளுக்கு 16 வயது. தோழி வீட்டு கராஜில் சன்பெட் (புற ஊதா விளக்குப் படுக்கை) இருக்கிறதாம், ஸ்கூல் ஃபார்மல் விருந்துக்கு முன்னால் எல்லோரும் போய்ப் படுக்கப் போகிறார்களாம். விடலாமா?

வேண்டவே வேண்டாம். விக்டோரியாவில் காசு வாங்கிக்கொண்டு சோலாரியம், அதாவது சன்பெட் நிலையம், நடத்துவதற்கே 2015 தொடக்கத்திலிருந்து தடை. கிளேர் ஆலிவர் என்ற மெல்பர்ன் பெண்ணைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் முற்றிய நிலையிலும் சோலாரியத்துக்கு எதிராகப் பேசியவர், 2007-ல் 26 வயதில் இறந்துபோனார். 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சன்பெட்டைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்தது. சின்ன வயதில் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கராஜில் கிடப்பதன் விளக்கு எவ்வளவு கடுமையானது என்று யார் பார்த்தார்கள்? ஃபார்மலுக்கு நிறம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடையில் விற்கும், தோலில் பூசும் ஃபேக் டேன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சண்டை மிச்சம்.

பாலி போகும் முன் கொஞ்சம் டேன் ஆகிக்கொண்டால் வெயில் தாங்கும் என்கிறாரே ஆபீஸ் நண்பர்?

அந்த டேன் தரும் காவல் எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீனில் போட்டிருக்கும் காப்பு எண்) 3, 4 அளவுதான். தோலின் டி.என்.ஏ. அடிவாங்கியதால்தான் அந்த நிறமே வருகிறது. சன்ஸ்கிரீனும் தொப்பியும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து. மாவட்ட ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறேன். மேடை வெளிச்சத்தில் தசைக் கட்ஸ் தெரிய டேன் அடிக்கணும் என்கிறார் மாஸ்டர். தோலுக்குக் கெடுதலா?

தம்பி, அந்த ஃபேக் டேனில் பெரும்பாலும் இருப்பது டி.எச்.ஏ. என்ற சர்க்கரை வகைப் பொருள். தோலின் மேலே உள்ள செத்த அடுக்கில் இருக்கும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை முறுகும்போது நிறம் மாறுகிறதே, வேதியியலில் அதே ரகம். அந்த அடுக்கு உதிர்ந்ததும், ஒரு வாரம் போல, நிறமும் போய்விடும். கையால் தடவினால் எனக்குப் பெரிய கவலை இல்லை. முதலில் கை மடிப்பில் கொஞ்சம் வைத்து, ஒரு நாள் விட்டு, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். ஸ்பிரே என்றால் விஷயம் வேறு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை வெளித்தோலில் தடவ மட்டும்தான் அனுமதித்திருக்கிறது, மூச்சில் இழுக்கவோ கண், உதட்டில் படவோ அல்ல. அதனால் கண்ணை மூடி, மூக்கை அடைத்து, உதட்டில் வாஸ்லின் பூசி, காற்றோட்டமான அறையில் அடிக்கச் சொல்லுங்கள். முட்டி, முழங்கையில் திட்டாக ஏறும், அங்கே கொஞ்சமாக. அப்புறம், மறுநாள் அதே நிறத்தோடு வெயிலில் ஓடப் போகிறீர்கள் என்றால் சன்ஸ்கிரீன் போட்டே ஆகணும். ஃபேக் டேன் வெயிலை நிறுத்தாது.

ஆன்லைனில் டேன் மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எல்லாம் விற்கிறார்களே?

தொடாதீர்கள். மாத்திரையில் இருக்கும் கேன்தாக்சாந்தின் என்ற நிறமி விழித்திரையில் படிகமாகப் படியக்கூடும். மூக்கு ஸ்பிரேயில் பெரும்பாலும் மெலனோடான், அழகுக்காக எங்கேயும் அங்கீகாரம் பெறாத மருந்து. குமட்டலும், மச்சங்கள் கருத்து மாறுவதும் உண்டு.

நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே, இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி இல்லையா?

நமக்கு மெலனோமா குறைவு, சரி. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வருகிறது, அதற்கும் வெயிலுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் விரலில். நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், பழைய அடி என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.